ஒலிபெருக்கி வாங்கப் போகிறீர்களா? கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்!

ஒரு ஜோடி ஒலிபெருக்கியின் விலை 35 ஆயிரம் டாலர்! நம் பணத்தில் ஏறக்குறைய 30 லட்சம் ரூபாய்.

இது திருவிழாவுக்கு மரத்தில் கட்டும் ஒலிபெருக்கி அல்ல. வீட்டுக்குள், ஓர் அறையில் உட்கார்ந்து, பாட்டுக் கேட்பதற்காகச் செய்தது. இங்கிலாந்தில் 'பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ்' கம்பெனி செய்யும் '801 டி4' என்ற ஒலிபெருக்கி. 2021-ம் ஆண்டில் அது விற்பனைக்கு வந்தபோது அமெரிக்காவில் இந்த விலை. ஒன்றின் எடை சுமார் 100 கிலோ. அதைத் தூக்கி வைக்கவே நாலு பேர் வேண்டும்.

இன்னொன்றைப் பாருங்கள். அதுவும் இங்கிலாந்தில் பிறந்த பெயர்தான். 'கே.இ.எப்.' கம்பெனியின் 'எல்.எஸ்.50 மெட்டா'. 2020-ம் ஆண்டில் வந்தபோது ஒரு ஜோடி 1,500 டாலர். ஒன்றின் எடை 8 கிலோ கூட இல்லை. அலமாரித் தட்டில் வைத்துவிடலாம்.

முதல் ஜோடிக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டாவதை 23 ஜோடி வாங்கலாம். அப்படியானால், பாட்டு 23 மடங்கு நன்றாகவா இருக்கும்?

"நமக்கு எதற்கு இந்தக் கவலை? நாம் 30 லட்சத்துக்கா வாங்கப் போகிறோம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், 20 ஆயிரம் ரூபாய் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிற குடும்பத்துக்கும் இதே திகைப்புத்தான். வரிசையாகப் பத்துப் பெயர்கள், பத்து விலைகள். "இதுதான் சார் உசத்தி" என்று கடைக்காரர் சொல்லுகிறார். எதை நம்புவது?

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல, இப்போது உலகத்தில் நடந்துகொண்டிருக்கும் ஒரு சங்கதியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயர் கை மாறுகிறது

புகழ் பெற்ற ஒலிபெருக்கிக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கை மாறி வருகின்றன. வாங்குகிறவர்கள் யார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது.

பவர்ஸ் அண்ட் வில்கின்ஸின் கதையைக் கேளுங்கள். 1966-ம் ஆண்டில், இங்கிலாந்தில் கடலோரத்தில் உள்ள ஒர்திங் என்ற ஊரில், ஜான் பவர்ஸ் என்பவர் தம் நண்பர் ராய் வில்கின்ஸுடன் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது. லண்டனில் பீட்டில்ஸ் குழுவினர் பாடிப் பதிவு செய்த 'ஆபி ரோடு' ஒலிப்பதிவுக் கூடம் இருக்கிறதே, அங்கே 1980-ம் ஆண்டு முதல் இந்தக் கம்பெனியின் ஒலிபெருக்கிகள் இடம் பெற்றன. அவ்வளவு பெருமை.

2016-ம் ஆண்டில் இந்தக் கம்பெனியை அமெரிக்காவில் கலிபோர்னியாவில் இருந்த ஒரு சிறு கம்பெனி வாங்கியது. 2020-ல் 'சவுண்ட் யுனைடெட்' வாங்கியது. 2022-ல் அந்தச் சவுண்ட் யுனைடெட்டையே 'மாசிமோ' வாங்கியது.

மாசிமோ யார் தெரியுமா? ஆஸ்பத்திரிக் கருவிகள் செய்யும் கம்பெனி! கொரோனாக் காலத்தில் விரலில் மாட்டி, ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று பார்த்தோமே, அந்த வகைக் கருவிகளுக்குப் பெயர் போனது. அது எதற்கு ஒலிபெருக்கி வாங்க வேண்டும்? பங்குதாரர்களும் இதையேதான் கேட்டார்கள். செய்தி வெளியான மறுநாளே மாசிமோவின் பங்கு விலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது.

சுமார் 100 கோடி டாலர் கொடுத்து வாங்கியதை, மாசிமோ 2025-ம் ஆண்டில் 35 கோடி டாலருக்கு விற்றுவிட்டது. வாங்கியது அமெரிக்காவின் 'ஹார்மன்' கம்பெனி. அந்த ஹார்மனோ, 2017-ம் ஆண்டு முதல் கொரியா நாட்டு 'சாம்சங்'கின் சொத்து. சாம்சங் அதற்குக் கொடுத்த விலை 800 கோடி டாலர்.

ஆகப் பத்து ஆண்டுக்குள் ஒரே பெயர் நாலு கை மாறியிருக்கிறது!

இது ஒரு கம்பெனியின் கதை மட்டும் அல்ல. 1946-ம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கிய 'கிளிப்ஷ்' கம்பெனி, 2025-ல் 'ஜென்டெக்ஸ்' கைக்குப் போயிற்று. ஜென்டெக்ஸ், காருக்குக் கண்ணாடி செய்கிற கம்பெனி. இத்தாலி நாட்டு 'சோனஸ் பாபர்' கம்பெனியை, அதன் கூட்டாளியான 'மெக்கின்டாஷ்' கம்பெனியோடு சேர்த்து, 2024-ல் 'போஸ்' வாங்கியது. நாம் முதலில் சொன்ன கே.இ.எப்.பும் 1992-ம் ஆண்டு முதல் ஹாங்காங் முதலாளிகளின் கையில் இருக்கிறது.

ஏன் வாங்குகிறார்கள்?

காரணம் கார்!

2016-ல் ஹார்மனை வாங்கப் போவதாகச் சாம்சங் அறிவித்தது. அப்போது ஹார்மனின் வருமானத்தில் பெரும்பகுதி கார்களுக்கான மின் கருவிகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. விலை உயர்ந்த கார் வாங்குகிறவர், கதவில் ஒரு பெரிய ஒலிபெருக்கிக் கம்பெனியின் பெயர் பொறித்திருந்தால் மகிழ்கிறார். பி.எம்.டபிள்யூ., வால்வோ கார்களில் பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் பெயரைப் பார்க்கலாம்.

புதிதாக ஒரு பெயரை உண்டாக்கி, அதற்கு மதிப்புத் தேட ஐம்பது ஆண்டு ஆகும். இருக்கிற பெயரை வாங்கிவிட்டால் ஒரே நாளில் காரியம் முடிந்தது. ஆகவே, இங்கே விற்பனை ஆவது ஒலிபெருக்கி மட்டும் அல்ல. பெயரும் சரக்குத்தான்.

இதனால் தீமைதான் என்று சொல்லிவிட முடியாது. பெரிய முதலாளி வந்தால் ஆராய்ச்சிக்குப் பணம் கிடைக்கும். நொடிந்து போகவிருந்த கம்பெனி பிழைக்கும். பவர்ஸ் அண்ட் வில்கின்ஸின் பெரிய ஒலிபெருக்கிகளை இத்தனை கை மாறிய பிறகும் ஒர்திங்கிலேதான் செய்கிறார்கள்.

ஆனால், வாங்குகிற குடும்பம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடையில் ஜே.பி.எல்., ஹார்மன் கார்டன், இன்பினிட்டி, ரெவல், போல்க், டெனான், மராண்ட்ஸ், பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் என்று எட்டுப் பெயர்கள் தெரியும். எட்டுக் கம்பெனிகள் போட்டி போடுவதாக நாம் நினைப்போம். எட்டுக்கும் முதலாளி ஒருவரே! முதலாளி மாறும்போது பழைய மாதிரியை நிறுத்திவிடலாம். உதிரிப் பாகம் கிடைக்காமல் போகலாம். தாத்தா காலத்துப் பெயர் என்பதற்காக, தாத்தா காலத்துக் கம்பெனி என்று நம்பிவிடக் கூடாது.

சரி, பெயரை நம்ப முடியாது. விலையையாவது நம்பலாமா?

திரைக்குப் பின்னால்

இதற்கு ஒரு சோதனை விடை சொல்லுகிறது. வேடிக்கை என்னவென்றால், இத்தனை பெயர்களைக் கையில் வைத்திருக்கும் அதே ஹார்மன் கம்பெனியில்தான் அந்தச் சோதனை நடந்தது.

பிளாய்டு டூல் என்ற விஞ்ஞானி, கனடா நாட்டு அரசாங்கத்தின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் பல ஆண்டுகள் ஒலிபெருக்கிகளைப் பற்றி ஆராய்ந்தவர். 1991-ம் ஆண்டில் ஹார்மனில் சேர்ந்தார். அவரும் ஷான் ஆலிவ் என்ற விஞ்ஞானியும் 1994-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள்.

கம்பெனி ஊழியர்கள் 40 பேரை உட்கார வைத்து, நாலு வகை ஒலிபெருக்கிகளில் பாட்டுப் போட்டார்கள். முதலில் ஒலிபெருக்கிகளைத் திரையால் மறைத்துவிட்டார்கள். காதால் கேட்டு மார்க் போட வேண்டும். பிறகு திரையை நீக்கிவிட்டு, அதே பாட்டு, அதே ஒலிபெருக்கி. மறுபடியும் மார்க்.

என்ன ஆயிற்று? கண்ணுக்குத் தெரிந்தவுடன், பெரிதாகவும் விலை உயர்ந்ததாகவும் இருந்தவற்றின் மார்க் ஏறியது. சின்னதாக, மலிவாக இருந்ததன் மார்க் இறங்கியது! ஒலி மாறவில்லை. கேட்டவர்களும் மாறவில்லை. கண் திறந்தது, அவ்வளவுதான். காது சொன்னதைக் கண் அழித்து எழுதிவிட்டது.

இவர்கள் ஒலிபெருக்கித் தொழிலிலேயே இருப்பவர்கள். அவர்களுக்கே இந்தக் கதி என்றால், கடையில் பளபளக்கும் பெட்டியைப் பார்க்கும் நாம் எம்மாத்திரம்!

இதன் பிறகு ஹார்மன் கம்பெனி கலிபோர்னியாவில் தனியாக ஓர் அறையே கட்டியது. அங்கே திரைக்குப் பின்னால் ஓர் இயந்திரம், ஒலிபெருக்கிகளைச் சில விநாடிகளுக்குள் இடம் மாற்றி வைக்கும். எல்லா ஒலிபெருக்கியும் ஒரே இடத்திலிருந்து பாடும். எது பாடுகிறது என்று கேட்பவருக்குத் தெரியாது.

சாமானியரின் காது

"எனக்குச் சங்கீத ஞானம் இல்லை. எனக்கு என்ன தெரியும்?" என்று பலர் ஒதுங்குகிறார்கள். அதற்கும் விடை இருக்கிறது.

2003-ம் ஆண்டில் ஷான் ஆலிவ் இன்னொரு சோதனையை வெளியிட்டார். 268 பேர் அதில் கலந்துகொண்டார்கள். அவர்களில் 12 பேர்தாம் காதுக்குப் பயிற்சி பெற்றவர்கள். மற்ற 256 பேரும் பயிற்சி இல்லாதவர்கள். நாலு ஒலிபெருக்கிகளை மறைத்து வைத்து, எது முதல், எது கடைசி என்று கேட்டார்கள்.

இரண்டு கூட்டத்தாரும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் சொன்னார்கள்! பயிற்சி பெற்றவர்கள், கேட்ட ஒவ்வொரு தடவையும் மாறாமல் சொன்னார்கள்; குறையைக் கண்டிப்பாகச் சொன்னார்கள். மற்றவர்கள் கொஞ்சம் தடுமாறினார்கள். வித்தியாசம் இவ்வளவுதான்.

ஆகவே, ஞானம் இல்லை என்று யாரும் கூசவேண்டாம். நல்லதை நல்லது என்று சொல்ல உங்கள் காதுக்குத் தெரியும். கண் குறுக்கே வராமல் இருந்தால் போதும்.

நல்ல ஒலிபெருக்கி என்று இந்த மக்கள் தேர்ந்தெடுத்தது எப்படிப்பட்டது? அதையும் அளந்து பார்த்தார்கள். எதையும் கூட்டாமல், குறைக்காமல், கனத்த ஒலியையும் மெல்லிய ஒலியையும் ஒரே அளவில் தருவது. நேரே உட்கார்ந்தவருக்கு மட்டும் அல்லாமல், பக்கவாட்டில் போகும் ஒலியும் அப்படியே சீராக இருப்பது.

இதை அளப்பதற்கு அமெரிக்காவில் 2013-ல் ஒரு விதிமுறையும் வந்துவிட்டது. ஒலிபெருக்கியை 10 டிகிரி, 10 டிகிரியாகத் திருப்பி, சுற்றிலும் 70 இடங்களில் அளந்து கோடு போடுகிறார்கள். கோடு நல்ல சாலையைப்போல் மேடுபள்ளம் இல்லாமல் போனால் நல்லது. சில கம்பெனிகள் இந்தப் படத்தை வெளியிடுகின்றன. கடைக்காரரிடம் "அளவுப் படம் உண்டா?" என்று கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

வாட்ஸ் மயக்கம்

பெட்டியின் மேல் '100 வாட்ஸ்', '200 வாட்ஸ்' என்று எழுதியிருப்பார்கள். இருநூறு, நூறைவிட இரு மடங்கு உரக்கப் பாடும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. வாட்ஸ் இரண்டு மடங்கானால், ஒலி கொஞ்சம் கூடியதாகத்தான் காதுக்குப் படும். இரண்டு மடங்கு உரக்க இருப்பதாகத் தோன்ற வேண்டுமானால் சுமார் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும்! வாட்ஸ் எண்ணைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்.

எண்ணை நம்பி ஏமாந்த ஒருவர் பெரிய கம்பெனியே தொடங்கினார். அவர் அமர் போஸ். வங்காளத்திலிருந்து, சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டு, அமெரிக்காவுக்குப் போய்விட்ட ஒருவரின் மகன். 1956-ம் ஆண்டில், எம்.ஐ.டி. என்னும் புகழ் பெற்ற கல்விக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, காகிதத்தில் உள்ள அளவுகளைப் பார்த்து ஓர் ஒலிபெருக்கி வாங்கினார். வீட்டுக்கு வந்து கேட்டால் மனத்துக்குப் பிடிக்கவில்லை. "அளவு நன்றாக இருக்கிறது, ஒலி ஏன் நன்றாக இல்லை?" என்று ஆராயப் புகுந்தார். 1964-ல் போஸ் கம்பெனி பிறந்தது. கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளைப் பிற்பாடு தாம் படித்த கல்விக்கூடத்துக்கே கொடுத்துவிட்டு, 2013-ல் காலமானார்.

அமர் போஸ் எடுத்துச் சொன்ன உண்மை ஒன்று உண்டு. கச்சேரி மண்டபத்தில் நம் காதுக்கு வரும் ஒலியில் பெரும்பகுதி, மேடையிலிருந்து நேரே வருவது அல்ல. சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வருவது. வீட்டு அறையிலும் இப்படித்தான்.

அறையும் ஒரு வாத்தியம்

பெட்டிக்குள் இருப்பது என்ன? ஒரு காந்தம், அதன் நடுவே கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய கூம்பு. மின்சாரம் ஏறி இறங்கும்போது சுருள் முன்னும் பின்னும் துடிக்கிறது. கூம்பு காற்றைத் தள்ளுகிறது. அதுவே ஒலி. அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு என்ஜினீயர்கள் 1925-ம் ஆண்டில் இந்த முறையை வெளியிட்டார்கள். நூறு ஆண்டு ஆகிவிட்டது. பெரும்பாலான ஒலிபெருக்கிகள் இன்னும் அந்த முறையிலேதான் பாடுகின்றன.

கூம்பு தள்ளிய காற்று எங்கே போகிறது? அறைக்குள். அங்கேதான் பாதி வேலை நடக்கிறது.

13 அடி நீளமுள்ள அறையை எடுத்துக்கொள்வோம். விநாடிக்கு 43 தடவை அதிரும் கனத்த ஒலியின் அலை நீளம் சுமார் 26 அடி. அறையின் நீளம் அதில் சரிபாதி. அந்த ஒலி இரு சுவருக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. சுவர் ஓரம் உட்கார்ந்தால் 'கும்'மென்று அடிக்கும். அறையின் நடுவே உட்கார்ந்தால் அதே ஒலி ஏறக்குறையக் காணாமற் போய்விடும்! ஆயிரம் ரூபாய் ஒலிபெருக்கியானாலும், லட்ச ரூபாய் ஒலிபெருக்கியானாலும் இந்தச் சேட்டை உண்டு.

சிமெண்டுச் சுவரும், வழவழப்பான தரையும், வெறும் ஜன்னலும் உள்ள அறையில் பாட்டு எதிரொலித்துக் கலங்கும். தரையில் ஒரு ஜமுக்காளம், ஜன்னலுக்குத் தடித்த திரை, சுவரோரம் புத்தக அலமாரி வைத்தால் தெளிவு கூடும். சில ஆயிரம் ரூபாய்க் காரியம் இது.

அதிகப் பணத்துக்கு என்ன கிடைக்கும்?

உயர்ந்த விலை வெறும் ஏமாற்று என்று சொல்வதும் தவறு. பெரிய ஒலிபெருக்கி நிறையக் காற்றைத் தள்ளும். மிகக் கனத்த ஒலியையும் தரும். உரக்க வைத்தாலும் எளிதில் கரகரக்காது. அதன் பெட்டி கெட்டியாக இருப்பதால், பெட்டி தானும் சேர்ந்து அதிராது. வேலைப்பாடும் அழகாக இருக்கும். பெரிய கூடம் உள்ளவர்களுக்கு இவை பயன்படும்.

ஆனால், 12 அடிக்கு 12 அடி அறையில், இரவு பத்து மணிக்கு, பக்கத்து வீட்டார் தூங்கும்போது, இவற்றில் பாதி பயன்படாது. சின்ன அறையில் பெரிய ஒலிபெருக்கி வைத்தால் முழக்கந்தான் மிஞ்சும். விலை ஏற ஏற ஒலியும் ஏறும். ஆனால், ஒரு கட்டத்துக்கு மேல் விலை மாடிப்படி ஏறும், ஒலி எறும்பாய் ஊரும்.

வீட்டிலே ஒரு சோதனை

குடும்பமாகச் சேர்ந்து செய்யக்கூடிய சோதனை ஒன்று சொல்லுகிறோம்.

முதலில், பிடித்த இரண்டு வகைகளை வீட்டில் வைத்துக் கேட்க அனுமதிக்கும் கடையைத் தேடுங்கள். அனுமதிக்காவிட்டால் கடையிலேயே செய்யலாம்.

மெல்லிய துணியைத் திரையாகக் கட்டுங்கள். தடித்த துணி ஒலியை விழுங்கிவிடும். ஒருவர் திரைக்குப் பின்னால் இருந்து ஒலிபெருக்கிகளை மாற்றட்டும். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பாட விடவேண்டும்.

இரண்டும் ஒரே அளவு உரக்கப் பாட வேண்டும். இது மிக முக்கியம். சற்று உரக்கப் பாடுவது நன்றாகப் பாடுவதுபோல் தோன்றும். விற்பனையில் பழைய தந்திரம் இது.

கடை போடும் பாட்டு வேண்டாம். உங்களுக்கு மனப்பாடமான பாட்டைப் போடுங்கள். ஒரு பெண் குரல், ஓர் ஆண் குரல், ஒரு மிருதங்கம் இருந்தால் போதும். தெரிந்த குரல் தெரிந்த குரலாகக் கேட்கிறதா? சொற்கள் தெளிவாக விழுகின்றனவா? அரை மணி கேட்டும் காது களைக்காமல் இருக்கிறதா?

பாட்டி முதல் பையன் வரை ஆளுக்கு ஒரு காகிதத்தில் மார்க் போடட்டும். ஒருவர் காகிதத்தை மற்றவர் பார்க்கக் கூடாது. எல்லோரும் எழுதிய பிறகு திரையை விலக்குங்கள்.

ஒலிபெருக்கிகளை வீட்டில் வைக்கும்போது, இரண்டுக்கும் நடுவே உள்ள தூரமும், ஒவ்வொன்றிலிருந்து நீங்கள் உட்காரும் தூரமும் ஏறக்குறையச் சமமாக இருக்கட்டும். மூலையில் திணிக்க வேண்டாம். சாதாரணத் தடித்த செம்புக் கம்பி போதும். ஆயிரக்கணக்கில் கொடுத்துக் கம்பி வாங்க வேண்டாம்.

கடைசியாக ஒரு கேள்வி. "ஐந்து ஆண்டு கழித்துப் பழுதானால் யார் பார்ப்பார்கள்? உதிரிப் பாகம் கிடைக்குமா?" என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனிகள் கை மாறும் இந்தக் காலத்தில், பெட்டியின் மேல் உள்ள பெயரைவிட அந்தக் காகிதத்துக்கு மதிப்பு அதிகம்.

கம்பெனியை யாரும் வாங்கலாம். பெயரை யாரும் விற்கலாம். அது முதலாளிகளின் வியாபாரம். நம் வீட்டுப் பணத்தை எதற்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க வேண்டியது நம் காது. விலைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால், ஒரு பாட்டு முடியும் வரை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.